உட்காரியல்: லண்டன் மாநகரில் ஒரு குடும்பம் ஒரு நாள் உட்கார்ந்த வரலாறு

முன்னுரை

வெளிநாட்டு நகரங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பிழையைச் செய்கின்றன. எதையெல்லாம் பார்த்தோம் என்று எழுதுகின்றன. எங்கெல்லாம் உட்கார்ந்தோம் என்று எழுதுவதில்லை. கோபுரத்தின் உயரம் கிடைக்கும், பாலம் கட்டிய ஆண்டு கிடைக்கும். அந்தப் பாலத்தில் பாதி தூரம் போனபின் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி கிடைக்காது. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்னும் தொடரை முதலில் நோக்குவோம். ஊர் பெயர்ச்சொல். சுற்றி வினையெச்சம். பார்த்தல் தொழிற்பெயர். மூன்றில் எதிலும் உட்கார இடமில்லை. இலக்கணமே நாற்காலி போடாத ஒரு காரியத்தில் இறங்குகிறோம் என்று புறப்படும்போதே நாங்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

கருதுகோள்

பெருநகரம் ஒன்றைக் குடும்பம் சுற்றிப் பார்ப்பது என்பது, ஓர் இருக்கையிலிருந்து எழுந்து அடுத்த இருக்கையைத் தேடிப் போவதே. காட்சிப் பொருள்கள் வழியில் தென்படுபவை.

ஆய்வு எல்லையும் சான்றாதாரங்களும்

ஆய்வுக் களம் லண்டன். காலம், ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்று. அந்த மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது. 'விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்' என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவர்கள் இந்த வானியல் உண்மையை அவரிடம் சொல்லவில்லை.

முதன்மைச் சான்றாதாரம் அம்மாவின் வலது முழங்கால். வயது 68. ஒரு காலத்தில் திருச்சி மலைக்கோட்டையை மூச்சு வாங்காமல் ஏறிய கால். இன்று மாடிப்படியைக் கண்டாலே கறகறவென்று ஆட்சேபிக்கும். துணைமைச் சான்றாதாரங்கள் இரண்டு: பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவின் சர்க்கரை, எட்டு வயது மகளின் புது ஷூ. என் மனைவி வெளியே கிளம்பினால் எங்கும் உட்காருகிற வழக்கம் இல்லாதவர். ஆகவே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளப்பட்டார்.

வழிகாட்டி, ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கும் என் தங்கை கணவர். மாப்பிள்ளை முதல் நாள் இரவே எக்செல் தாளில் நிரல் தயாரித்திருந்தார். டவர் பிரிட்ஜுக்கு இருபத்தைந்து நிமிடம், அரண்மனைக்கு நாற்பது நிமிடம் என்று கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு கட்டமும் இல்லை. மாப்பிள்ளைக்கு வயது 34. தமக்கு முட்டி இருப்பதே அவருக்கு இன்னும் தெரியாது.

இயல் 1: இடம் கொடுத்தலும் பேச்சுக் கொடுத்தலும்

லண்டனின் சுரங்க ரயில் உலகிலேயே முதலாவது. 1863 ஜனவரியில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இன்று 272 நிலையங்கள். சுரங்க ரயில் என்று பெயரே தவிர, பாதிக்கும் மேற்பட்ட பாதை தரைக்கு மேலேதான் ஓடுகிறது. இந்தச் செய்திகளை மாப்பிள்ளை பெருமையோடு சொன்னபோது அப்பா ஒரு நிமிடம் யோசித்தார்.

"பம்பாய்லேருந்து தாணாவுக்கு 1853-லேயே ரயில் விட்டாச்சு மாப்ளே. இவங்க இருட்டுல விடுறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நாம வெளிச்சத்துலயே விட்டுட்டோம்."

அங்கே விட்டவர்களும் இவர்களே என்பதை அப்பா குறிப்பிடவில்லை. ஆய்வாளரும் சபை நாகரிகம் கருதி விட்டுவிட்டார்.

ஈஸ்ட்ஹாமில் பெட்டி நிறைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் காதில் கருவி மாட்டியிருந்த இளைஞர் ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். அம்மா உட்கார்ந்து, "நல்லா இருப்பா" என்று தமிழிலேயே வாழ்த்தினார். இளைஞர் புன்னகைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நின்றுகொண்டார். அடுத்த இருபது நிமிடம் அந்தப் பெட்டியில் யாரும் யாரிடமும் பேசவில்லை. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் ஊர் ரயிலில் ஒருவர் இடம் கொடுத்தால் கூடவே எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா என்பதும் வரும். இறங்கும்போது அம்மா சொன்ன வாக்கியம் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு:

"நல்ல புள்ள. இடம் கொடுத்தான். பேச்சுக் கொடுக்கல."

இயல் 2: துண்டுக் கோட்பாடு

டவர் பிரிட்ஜ் 1894-இல் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும். இதைத்தான் பலர் லண்டன் பிரிட்ஜ் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். லண்டன் பிரிட்ஜ் மேற்கே சற்றுத் தள்ளி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. அங்கே முன்பு இருந்த பழைய பாலத்தை 1968-இல் ஓர் அமெரிக்கர் 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். "பாலத்தையே வித்துட்டாங்களா!" என்றார் அம்மா. ஒரு குடும்பத்துக்கு இந்த நிலைமை வந்திருக்கக்கூடாது என்கிற தொனி அதில் இருந்தது.

1952 டிசம்பரில் 78-ஆம் எண் பஸ் ஒன்று டவர் பிரிட்ஜின் மேல் வந்துகொண்டிருந்தபோது பாலம் திறக்கத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ஆல்பர்ட் கண்டர் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்து, எழும்பாமல் இருந்த எதிர்ப்பக்கத்துக்குப் பஸ்ஸைத் தாண்டவைத்தார். அவருக்குப் பரிசு 10 பவுண்டு. சாகசம், துணிச்சல், தொழில் திறமை என்று இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அன்று அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர் யாராவது உண்டா என்று முதலில் கேட்டவர் அம்மாதான்.

ஆற்றோரக் கல்கட்டையில் உட்காரலாம் என்று முடிவாயிற்று. விடியற்காலைத் தூறலில் கல் ஈரமாகியிருந்தது. ஈரக் கல்லில் உட்கார்ந்தால் வாயு பிடிக்கும் என்பது அம்மாவின் மருத்துவம். அப்பா பையிலிருந்து துண்டை எடுத்தார். துண்டு விரிந்ததும் அது பொன்மலை மண்ணாயிற்று. ஐந்து பேர் உட்காரக்கூடிய நீளத்தை அப்பா ஒரே வீச்சில் பிடித்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று துண்டைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் மரபுரிமை எல்லை கடந்தும் செல்லுபடியாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தேவையென்றால் அடுத்த இயலில் இருக்கிறது.

இயல் 3: உட்கார முடியாத இருக்கைகள்

வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரம் உலகப் புகழ்பெற்ற இருக்கைகளால் நிரம்பியது. ஒன்றிலும் உட்கார முடியாது என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் சிலை இருக்கிறது. அவருக்குப் பின்னால் அகலமான, கைவைத்த நாற்காலி. அவரோ அதன்முன் தலை குனிந்து நிற்கிறார். "பின்னாடிதான் சேர் கிடக்கே, உட்கார்ந்தா என்னவாம்?" என்று அம்மா வருத்தப்பட்டார். சற்றுத் தள்ளி, 2015-இல் வைத்த காந்தி சிலை. அவரும் நிற்கிறார். சர்ச்சில் கைத்தடி ஊன்றி நிற்கிறார். சதுக்கம் முழுக்கப் பெரிய மனிதர்கள் நின்றுகொண்டிருக்கும்போது நாம் உட்காருவது மரியாதையாக இருக்குமா என்று அப்பா யோசித்தார். முழங்கால் யோசிக்கவில்லை, புல்லில் உட்கார்ந்தது.

எதிரே நாடாளுமன்றம். மக்களவை உறுப்பினர்கள் 650 பேர். அவையில் உட்கார இடம் 427 பேருக்குத்தான். 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவை அழிந்தபோது பெரிதாகக் கட்டியிருக்கலாம். சின்னதாகவே இருக்கட்டும், எல்லாருக்கும் இடம் இருந்தால் பாதி நாள் காலியாகத் தெரியும் என்று சர்ச்சில் வாதாடினார். 1950-இல் பழைய அளவிலேயே திறந்தார்கள். ஆகவே முக்கியமான நாட்களில் அமைச்சருக்கு நெருக்கமானவர்களும் படிக்கட்டில் உட்காருவதுண்டு. இடம் வேண்டுபவர்கள் பிரார்த்தனைக்கு வந்து, தங்கள் பெயர் எழுதிய அட்டையை இருக்கையில் செருகிவைக்க வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா தம் தோளில் கிடந்த துண்டை ஒருமுறை தடவிக்கொண்டார்.

பக்கத்துத் தேவாலயத்தில் முடிசூட்டு நாற்காலி. முதலாம் எட்வர்டு மன்னர் செய்யச் சொன்னது. எழுநூறு ஆண்டுப் பழமை. அந்தக் காலப் பள்ளிப் பையன்களும் யாத்திரிகர்களும் கத்தியால் தங்கள் பெயரை அதில் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளி பெஞ்சுக்கும் அதற்கும் இந்த ஓர் அம்சத்தில் வேறுபாடு இல்லை. ஒரு மனிதர் அதில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் அது நாட்டின் சடங்கு. நம் மொழியிலும் ஒருவன் அரசனானான் என்பதை அரியணை ஏறினான் என்றுதான் சொல்கிறோம். அரசியல் என்பது உட்காரியலின் ஒரு கிளை மட்டுமே என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

பிக் பென் என்பது கோபுரத்தின் பெயர் அன்று, உள்ளேயிருக்கும் பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். கடிகாரம் மெதுவாக ஓடினால் ஊசலின்மேல் ஒரு பழைய பென்னி நாணயம் வைப்பார்கள். ஒரு நாளைக்கு 0.4 விநாடி வேகம் கூடும். ஒர்க்‌ஷாப் மனிதரான அப்பாவுக்கு லண்டனிலேயே பிடித்த செய்தி இதுதான். அன்று முழுக்க, யார் நடையில் பின்தங்கினாலும் "ஒரு காசு வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆற்றின் அக்கரையில் 135 மீட்டர் உயர ராட்டினம். 32 கூண்டுகள், ஆனால் கடைசிக் கூண்டின் எண் 33. பதின்மூன்றாம் எண்ணைக் கழித்துவிட்டார்கள். "நமக்கு எட்டு மாதிரி" என்று அப்பா புரிந்துகொண்டார். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், கூண்டின் நடுவே பெஞ்சும் உண்டு. ஐந்து டிக்கெட் விலையை ரூபாயாக்கி, அதை முப்பதால் வகுத்து, உட்காரும் நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று அப்பா வாய்க்கணக்காகச் சொன்னார். அக்கரைக்குப் போகும் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

இயல் 4: அரண்மனையும் திண்ணையும்

பக்கிங்ஹாம் அரண்மனையில் 775 அறைகள். அவற்றில் குளியலறைகள் மட்டும் 78. இந்த எண்ணை மாப்பிள்ளை அறிவித்த நேரத்தில் துணைமைச் சான்றாதாரமாகிய அப்பாவின் சர்க்கரை தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியிருந்தது. எழுபத்தெட்டு குளியலறைகளை எதிரே வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தவிப்பதைப் பார்ப்பது ஆய்வாளருக்கே கஷ்டமாக இருந்தது. பக்கத்துப் பூங்காவுக்குள் கட்டணக் கழிப்பறை இருப்பதை மாப்பிள்ளை கண்டுபிடித்தார். நிரலின் மஞ்சள் கட்டம் ஒன்று அத்தோடு அழிந்தது.

பதினொரு மணிக்குக் காவலர் மாற்றம். கரடித்தோல் தொப்பிகள் முன்னே போக, மற்றவர்களின் பின்னந்தலைகள் எங்கள் முன்னே நின்றன. மகள் மட்டும் மாப்பிள்ளையின் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அன்று லண்டனில் யாருக்கும் வாய்த்த மிகச் சிறந்த இருக்கை அது, கட்டணமும் இல்லை. அம்மா விக்டோரியா நினைவுச் சின்னத்தின் படியில் இடம் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து தெரிந்த ஒரே காவலரைப் பார்த்து, "அந்தப் புள்ள எவ்வளவு நேரமா அசையாம நிக்குது. ஒரு ஸ்டூல் போட்டாக் கொறஞ்சா போயிடும்?" என்றார். பிறகு அரண்மனையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"எழுநூத்தி எழுபத்தஞ்சு ரூம் கட்டியிருக்காங்க. வாசல்ல ஒரு திண்ணை கட்டல."

பிரிட்டிஷ் கட்டடக் கலையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இருக்க முடியாது. திண்ணை என்பது வீட்டுக்காரர் தெருவுக்குக் கொடுக்கும் இடம். உள்ளே வா என்று சொல்வதற்கும் போ என்று சொல்வதற்கும் நடுவில் உள்ள சொல் அது. இந்த அரண்மனையில் அந்தச் சொல்லுக்குப் பதிலாக இரும்பு வேலி இருந்தது.

இயல் 5: வாடகைக்கு உட்காருதல்

செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் பெலிகன் பறவைகள் உண்டு. 1664-இல் ரஷ்யத் தூதர் அன்பளிப்பாகக் கொடுத்ததில் தொடங்கிய வம்சம். புல்வெளியில் பச்சை வெள்ளைக் கோடு போட்ட கித்தான் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அம்மா ஒன்றில் சாய்ந்தார். முகத்தில் அன்று முதல்முறையாக நிம்மதி தெரிந்தது. கட்டுச்சோறு பிரிக்கப்பட்டது. புளியோதரையின் மணம் பெலிகன்களையும் சிந்திக்கவைத்திருக்கும். அப்போது ஒருவர் வந்து மிகப் பணிவாக வாடகை கேட்டார்.

"உட்கார்றதுக்கா காசு?" அம்மா உடனே எழ முயன்றார். இங்கே இயற்பியல் குறுக்கிட்டது. கித்தான் நாற்காலியில் இறங்குவதற்குப் புவியீர்ப்பு உதவும், எழுவதற்கு உதவாது. நான் ஒரு கை, மாப்பிள்ளை ஒரு கை, பின்னாலிருந்து என் மனைவி. "அத்தை, எம்பாதீங்க, எம்பாதீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா எம்பிக்கொண்டே இருந்தார். தூக்கி நிறுத்தியபோது வாடகைக்காரரே பயந்துபோய், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மிச்சப் புளியோதரை நூறடி தள்ளி, இலவச மரபெஞ்சு ஒன்றில் உண்ணப்பட்டது.

இதுவரை கிடைத்த தரவுகளிலிருந்து நான்கு விதிகளை வகுக்க முடிகிறது.

முதல் விதி: குடும்பத்தின் நடைவேகம் குடும்பத்திலேயே அதிகம் வலிக்கிற காலின் வேகம்.

இரண்டாம் விதி: செல்பேசி வரைபடம் சொல்லும் ஐந்து நிமிடம் முட்டியில்லாதவர்களுக்கானது.

மூன்றாம் விதி: காலி பெஞ்சு எப்போதும் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும்.

நான்காம் விதி: எல்லாரும் உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்தில் ஒருவர் 'கிளம்பலாமா' என்பார்; அவர் உட்காராமல் நின்றவராகவே இருப்பார். இவ்விதி, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளப்பட்டவரைக் கொண்டு ஏழுமுறை உறுதிசெய்யப்பட்டது.

இயல் 6: பிக்காடிலியில் ஒரு சுமைதாங்கி

இவ்வாய்வின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பு நிரலில் இல்லாத இடத்தில் நிகழ்ந்தது. கிரீன் பார்க் ஓரமாகப் பிக்காடிலி சாலையில் ஹைட் பார்க் முனையை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். நடைபாதையில் இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றின்மேல் குறுக்கே தடித்த மரப்பலகை. பலகை தோள் உயரத்தில் இருந்தது. உட்கார முடியாது, சாயவும் முடியாது. மாப்பிள்ளை பத்தாண்டுகளாக அந்த வழியே போகிறார். பஸ் நிறுத்தத்தில் ஏதோ பாதி கட்டி விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அம்மா நின்றார். கைப்பையையும் கட்டுச்சோற்றுப் பையையும் தோளிலிருந்து நழுவவிட்டுப் பலகைமேல் வைத்தார். குனியவில்லை, நிமிரவில்லை. தோளும் பலகையும் ஒரே மட்டம்.

"டேய், இது சுமைதாங்கிடா."

பக்கத்தில் இருந்த தகட்டைப் படித்தேன். மூட்டை சுமப்பவர்களும் பாரம் தூக்கிச் செல்பவர்களும் இளைப்பாற, ஷ்ரூஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகப் பல ஆண்டு இருந்த ஆர். ஏ. ஸ்லேனி என்பவரின் யோசனைப்படி 1861-இல் நிறுவப்பட்டது என்று இருந்தது. தலைச்சுமையையோ முதுகுச்சுமையையோ தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். தோள் மட்டத்தில் இறக்கினால் தனியாளே ஏற்றிக்கொள்ளலாம். நம் ஊர்ச் சாலையோரங்களில் இரண்டு கல் நட்டு ஒரு கல் குறுக்கே போட்டதும் இதே கணக்கில்தான்.

லண்டனில் அம்மா வழி சொன்னது அந்த ஓரிடத்தில்தான். தம் பாட்டி காலத்தில் சந்தைக்குப் போகும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றார். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் சுமைதாங்கி நடுவார்கள், வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக ஊரார் சுமையை இறக்கிவைக்கிற கல் என்றார். மாப்பிள்ளை செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் எல்லாரும் நின்றோம். உட்காராமலே இளைப்பாறியது அன்று அது ஒருமுறைதான்.

இயல் 7: அருங்காட்சியகத்தில் காலியான ஆசனம்

38-ஆம் எண் பஸ் பிக்காடிலி வழியாக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. மாடியில் முதல் வரிசை இருக்கை, கண்ணாடிக்கு மிக அருகில். ஊரே காலடியில் நகரும். உட்காருவதும் பார்ப்பதும் சண்டையில்லாமல் ஒன்றாக நடக்கும் ஒரே இடம் என்று இவ்விருக்கையை ஆய்வாளர் பரிந்துரைக்கிறார். ஆனால் மாடிக்குப் படி ஏற வேண்டும். முதன்மைச் சான்றாதாரம் கீழேயே உட்கார்ந்து வந்தது.

அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2000-இல் திறந்த பெரிய முற்றத்தின் மேலே 3,312 கண்ணாடிகள் கொண்ட கூரை. நடுவே 1857-இல் திறந்த வட்ட வாசகசாலை. லண்டனில் உட்கார்ந்தவர்களிலேயே உலகை அதிகம் அசைத்தவர் இங்கேதான் உட்கார்ந்தார். 1849-இல் அகதியாக வந்த கார்ல் மார்க்ஸ் ஆண்டுக்கணக்காக இந்த வாசகசாலையில் படித்து எழுதித்தான் 1867-இல் 'மூலதனம்' முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அவரை எங்கள் மாப்பிள்ளையின் நிரலோடு அனுப்பியிருந்தால் டவர் பிரிட்ஜையும் ராட்டினத்தையும் பார்த்திருப்பார். உழைக்கும் வர்க்கத்தின் கதி என்னவாகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து 1859-இல் கப்பலேறியவை. இவற்றின் உடன்பிறப்புகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை என்பது கள ஆய்வில் வெளிப்பட்டது. பழைய பலகைகள் சிலவற்றில் புத்தரை உருவமாகச் செதுக்காமல் வெறும் ஆசனத்தை மட்டும் செதுக்கியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம் கும்பிடுகிறது. நடுவே ஆசனம் காலி.

மகள் கேட்டாள்: "பாட்டி, எடம் காலியா இருக்கு. ஏன் யாரும் உட்காரல?"

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "உட்கார்ந்திருந்தவர் பெரியவர்ல, அதான்" என்றார்.

இயல் 8: உட்கார்ந்தோர் பேட்டை

வெஸ்ட்மின்ஸ்டர் நிற்பவர்களின் ஊர் என்றால், அருங்காட்சியகத்தின் பின்புறமுள்ள புளூம்ஸ்பரி உட்கார்ந்தவர்களின் ஊர். இதை முன்னாய்வாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலாமவர் தத்துவஞானி ஜெரமி பெந்தம். 1832-இல் இறந்தார். தம் எலும்புக்கூட்டுக்கு உடை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து விடவேண்டும் என்று உயில் எழுதினார். அப்படியே செய்தார்கள், தலை மட்டும் மெழுகு. 1850 முதல் யூனிவர்சிட்டி காலேஜின் பொறுப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். உட்காரியலில் இது உச்சம். அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். செத்தவரைப் பார்த்தால் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று சொல்லி அம்மா வெளியிலேயே நின்றுவிட்டார்.

இரண்டாமவர் திருவள்ளுவர். கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் வாசலில் 1996-இல் வைத்த சிலை. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்துக்கு நிற்பவர், இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். "அங்க கடல் காத்துல நின்னு நின்னு காலு வலிச்சு இங்க வந்து உட்கார்ந்துட்டார்" என்றார் அப்பா. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மூன்றாமவர் காந்தி. டாவிஸ்டாக் சதுக்கத்துப் பூங்காவில் 1968-இல் வைத்த சிலை. காலை நாடாளுமன்றத்தின் எதிரே நின்றவர், மாலை இங்கே காலை மடக்கி, மேல்துண்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் போலவே நாள் முழுக்க நடந்து வந்தவராகத் தெரிந்தார். அவருக்கு எதிரே ஒரு மரபெஞ்சில் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஆறாமவரான என் மனைவியும் உட்கார்ந்தார். நான்காம் விதி அன்று மாலை ஏழு மணிக்குக் காலாவதியானது. கிளம்பலாமா என்று கேட்க ஆளில்லை.

பெஞ்சின் முதுகில் சிறிய பித்தளைத் தகடு. லண்டன் பூங்காக்களில் பல பெஞ்சுகளில் இதைப் பார்க்கலாம்: ஒரு பெயர், இரண்டு ஆண்டுகள், இந்த இடத்தை அவர் விரும்பினார் என்று ஒரு வரி. அம்மா படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நம்ம ஊர்ல பெஞ்சுல உபயம்னு எழுதியிருக்கும். கொடுத்தவன் பேரு, அவன் கடை பேரு, போன் நம்பர்" என்றார் அம்மா. "இங்க போனவங்க பேரு." பிறகு அந்தத் தகட்டை முந்தானையால் துடைத்தார். "இதுவும் சுமைதாங்கிதான்."

முடிவுரை

கருதுகோள் திருத்தத்துடன் நிறுவப்பட்டது. குடும்பம் ஊர் பார்ப்பது இருக்கையிலிருந்து இருக்கைக்குப் போவதுதான். ஆனால் வழியில் தென்பட்டவை காட்சிகள், உட்கார்ந்த இடங்களே ஊர். லண்டன் என்றதும் எங்கள் வீட்டில் இன்று பேசப்படுவது கோபுரமும் பாலமும் அல்ல. எழுந்து இடம் கொடுத்த பையன், எழ விடாத நாற்காலி, தோள் உயரப் பலகை, பித்தளைத் தகடு.

ஆய்வேடு என்றால் குறையும் சொல்ல வேண்டும். அதே லண்டனில், யாரும் படுத்துவிடக் கூடாது என்று சரிவும் வளைவுமாக வார்த்த கான்கிரீட் பெஞ்சுகளும் உண்டு; 2012-இல் கேம்டன் நகராட்சிக்காக வடிவமைத்தவை. நாமும் சளைத்தவர்களல்ல. பஸ் நிறுத்தத்தில் வழுக்கும் இரும்புக் குழாயைப் பதித்து அதற்கு இருக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று திண்ணையை இடித்தோம். சாலையை அகலப்படுத்தியபோது சுமைதாங்கியைப் பிடுங்கிப் போட்டோம். வெயிலில் நடந்து வருகிற ஒருவருக்கு இந்த ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டால், நடந்துகொண்டே இரு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஊர் திரும்பிய மறு மாதம் அப்பா எங்கள் வீட்டு மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டார். உபயம் எழுதப் பெயிண்டர் வந்தார். என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். இப்போது காலையில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைக்கிறார். மதியம் தபால்காரர் உட்காருகிறார். சாயங்காலம் யார் யாரோ. அம்மா தினமும் அவர்களுக்குப் பேச்சுக் கொடுக்கிறார்.